கேட்டுக்கொண்டே இருந்தவர்

1872 ஜனவரி மாதம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்றொரு சிற்றூர். அங்கிருந்த பெரியவர் ஒருவர் தன் அக்காள் மகள் லூசிக்கு ஒரு கடிதம் எழுதினார். சரிவான புல்தரையில் மண்புழு துளை போடுகிறதே, அந்தத் துளை நேர் கீழாக இறங்குகிறதா, இல்லை சரிவுக்குச் செங்குத்தாகச் சாய்ந்து இறங்குகிறதா? பார்த்துச் சொல்ல முடியுமா அம்மா? இவ்வளவுதான் சங்கதி.

எழுதியவர் சார்லஸ் டார்வின். அப்போது அவருக்கு வயது 62. 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து பன்னிரண்டு ஆண்டு ஆகிவிட்டது. உலகமே அவரைப் பற்றிப் பேசி முடித்து, திட்டி முடித்து, மறுபடி பேசத் தொடங்கியிருந்த நேரம். அப்படிப்பட்ட மனிதர், வீட்டுப் பெண் ஒருத்தியிடம் மண்புழுத் துளையின் சாய்வைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார். கேலிக்காக எழுதவில்லை. பதில் வேண்டும் என்பதற்காக எழுதினார். வந்த பதிலை வைத்து மேற்கொண்டு வேலையும் செய்தார்.

லூசிக்கு இது புதிதல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன் 1862இல், அவள் சிறுமியாக இருந்தபோது, அவளும் சகோதரிகள் சோஃபி, மார்கரெட் இருவரும் மாமாவுக்காக ஒரு காட்டுப்பூவைப் பறித்து, அதன் வகைகளைப் பிரித்து எண்ணி அனுப்பினார்கள். அந்தச் செடியில் மூன்று விதமான பூ உண்டு. ஒவ்வொரு செடியிலும் சூல்தண்டின் நீளம் மாறும். அதில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. சிறுமிகள் எண்ணித் தந்ததைப் பார்த்து அவர் அடைந்த மகிழ்ச்சி அப்போது அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் தெரிகிறது. அவர்களைத் தேவதைகள் என்றே விளித்து நன்றி சொன்னார். அன்று பூ எண்ணிய கை, பத்து ஆண்டு கழித்துப் புழுத்துளையை அளந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். டார்வின் எழுதிய கடிதங்களை, வயதான பிறகுதான் பொறுமையாகப் படிக்கக் கிடைத்தது. அவருடைய கொள்கையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முதுமையை அவர் நடத்திய விதம் பற்றி, என் வயதுக்காரர்களிடமும் வயதாகப்போகிறவர்களிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

அவருக்கு உடம்பு எப்போதும் சரியில்லை. இளமையில் போன நீண்ட கப்பல் பயணம் முடிந்து 1836இல் ஊர் திரும்பியபின் அவர் கடல் தாண்டவே இல்லை. 1842இல் டவுன் வந்து சேர்ந்தார். அதன்பின் சாகும்வரை நாற்பது ஆண்டு அந்த வீடுதான் உலகம். வயிற்று வலி, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை. ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்ய முடிந்தாலே பெரிது. இப்படி வீட்டோடு கிடந்த மனிதருக்குப் பிரேசிலிலும் வங்காளத்திலும் அமெரிக்காவிலும் கண்ணும் காதும் இருந்தன என்றால் அதற்குத் தபால்தான் காரணம். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி தபால் முறை வந்தது. அதை அவரைப்போல் பயன்படுத்தியவர்கள் குறைவு. சுமார் 2000 பேரோடு அவருக்குக் கடிதப் போக்குவரத்து இருந்திருக்கிறது. எழுதியதும் வந்ததுமாக 15,000 கடிதங்கள் வரை இன்று கிடைத்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில் 1974இல் தொடங்கிய பதிப்பு வேலை, 30 தொகுதிகளாக 2023இல்தான் முடிந்தது. தொடங்கியவர்கள் சிலர் முடிவைப் பார்க்கவில்லை.

மண்புழு விஷயம் அவருக்கு இளமையிலேயே பிடித்த பைத்தியம். 1837இல், 28 வயதில், ஸ்டாஃபர்ட்ஷயரில் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போயிருந்தார். மாமா அவரை வயலுக்கு அழைத்துப் போய் ஒன்றைக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் புல்தரை மேல் கொட்டிய சுண்ணாம்பும் சாம்பல் கரியும் இப்போது பல அங்குலம் ஆழத்தில் ஒரே அடுக்காகக் கிடக்கின்றன. யாரும் உழவில்லை, தோண்டவில்லை. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே எச்சமாகத் தள்ளித் தள்ளி, மேலே கிடந்ததை மூடிவிட்டன என்பது மாமாவின் எண்ணம். கல்லூரியில் படித்த மருமகன் சொன்னதல்ல, கிராமத்தில் இருந்த மாமா சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் லண்டன் புவியியல் சங்கத்தில் டார்வின் இதைக் கட்டுரையாகப் படித்தபோது, கருத்து யாருடையது என்று சொல்லியே படித்தார்.

பிறகு 1842 டிசம்பரில், டவுன் வீட்டுக்கு வந்த சில மாதத்தில், பக்கத்து மேய்ச்சல் நிலம் ஒன்றில் உடைத்த சுண்ணக்கல்லைப் பரப்பச் செய்தார். எதற்கு? எப்போதாவது தோண்டிப் பார்க்கலாம் என்று. அந்த எப்போதாவது, 1871 நவம்பரில் வந்தது. 29 ஆண்டு. வாய்க்கால் வெட்டிப் பார்த்தபோது வெள்ளைக் கற்கள் வரிசையாக ஏழு அங்குலம் கீழே இருந்தன. ஆண்டுக்குக் கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. லூசிக்கு அவர் கடிதம் எழுதியது இது நடந்து இரண்டு மாதத்துக்குள்தான்.

33 வயதில் போட்ட கல்லை 62 வயதில் தோண்டி எடுக்கும் பொறுமையைப் பற்றி ஒரு பாராட்டுரையே எழுதலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. இந்த 29 ஆண்டில் அவர் உலகப் புகழ் அடைந்தார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். மண்புழுக் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. புகழுக்கு ஏற்ற கேள்வியா இது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இடையில், 1869இல் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றில் ஃபிஷ் என்பவர் எழுதினார்: மண்புழு போன்ற சின்னஞ்சிறு, பலமில்லாத உயிர் இவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்க முடியாது என்று. டார்வின் அதே பத்திரிகையில் பதில் சொன்னார். அதோடு விடவில்லை, அந்த மறுப்பைப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தன் மண்புழுப் புத்தகத்திலும் எடுத்துவைத்து, இடைவிடாமல் நடக்கும் சிறு காரியங்களைக் கூட்டிப் பார்க்க மனித மனம் தயங்குகிறது என்று எழுதினார். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் இந்தக் கூட்டல்தான்.

கூட்டுவதற்கு எண் வேண்டுமே. அதற்கு ஆள் வேண்டும். சர்ரேயில் அக்காள் குடும்பம் இருந்த லீத் ஹில் பிளேஸ் பக்கம், ஒரு பெண்மணி இரண்டு இடங்களில் ஒரு சதுர கெஜம் நிலத்தைக் குறித்துவைத்து, அதில் மேலே வந்த மண்புழு எச்சத்தை ஓராண்டு முழுக்கச் சேர்த்து, காயவைத்து, எடை போட்டுத் தந்தார். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஓரிடத்தில் ஏழரை டன், மற்றோரிடத்தில் 16 டன். புத்தகத்தில் அவருடைய துல்லியத்தை முழுக்க நம்பலாம் என்று டார்வின் எழுதுகிறார். ஆனால் பெயரைப் போடவில்லை. அந்தக் காலத்து மேல்தட்டு வழக்கம், பெண் பெயரை அச்சில் ஏற்றத் தயங்குவார்கள். காரணம் புரிந்தாலும் எனக்கு அது உறுத்துகிறது. குளிரிலும் மழையிலும் குனிந்து புழு மண் பொறுக்கியவரின் பெயர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இனி அவர் கேட்ட விதத்தைச் சொல்கிறேன். இதுதான் விஷயத்தின் நெஞ்சு.

பெரிய கேள்வியை அவர் யாரிடமும் தூக்கிக் கொடுக்கமாட்டார். மண் எப்படி உருவாகிறது என்று லூசியிடம் கேட்டால் அவள் என்ன செய்வாள்? துளையின் சாய்வைப் பார் என்றால், தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிவிடலாம். கையில் இருக்கும் பொருளை வைத்து, ஒரு மனிதர் ஒரு பிற்பகலில் பார்த்துவிடக்கூடிய அளவுக்குக் கேள்வியை அவர் சிறிதாக்கித் தருவார். எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் சொல்லுவார். சிரமமாக இருந்தால் விட்டுவிடலாம் என்றும் மறக்காமல் எழுதுவார். பதில் வந்தால் அதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். அப்படிக் கேட்கப்பட்டவர், கொஞ்ச நாளில் கேட்காமலே பார்க்கத் தொடங்கிவிடுவார்.

ஜான் ஸ்காட் கதை அப்படித் தொடங்கவில்லை, தலைகீழாகத் தொடங்கியது. ஸ்காட் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த தோட்டக்காரர். விவசாயக் குடும்பம், பெரிய படிப்பு இல்லை. 1862இல் ஆர்க்கிட் பூக்களைப் பற்றி டார்வின் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட ஆர்க்கிட்டின் பூ ஆண் பூ மட்டுமே, அது காய்க்காது என்று அதில் எழுதியிருந்தார். அந்த நவம்பரில் ஸ்காட் கடிதம் போட்டார்: ஐயா, அந்தப் பூவில் நான் மகரந்தம் வைத்துப் பார்த்தேன், காய் பிடித்திருக்கிறது.

முன்பின் தெரியாத ஒரு தோட்டக்காரர், நாடறிந்த அறிஞரிடம் பிழை சொல்கிறார். டார்வின் உடனே நன்றி எழுதினார். இன்னும் விவரம் கேட்டார். அடுத்த இரண்டு ஆண்டு அவர்களுக்குள் கடிதங்கள் பறந்தன. என்ன பரிசோதனை செய்யலாம், எப்படிச் செய்யலாம், எப்படி எழுதலாம் என்று டார்வின் ஒரு ஆசிரியரைப்போல் எழுதினார். ஸ்காட்டின் கட்டுரையை லின்னேயன் சங்கத்தில் படிக்க ஏற்பாடு செய்தார். எடின்பரோவில் மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் ஸ்காட் வேலையை விட்டபோது, நண்பர் ஹூக்கரிடம் சொல்லி இந்தியாவில் வேலைக்கு வழி செய்தார். 1864இல் ஸ்காட் கப்பலேறப் பணமும் கொடுத்தார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் ஸ்காட் பொறுப்பாளரானார். 1870களில் டார்வின் மறுபடி மண்புழுவுக்குத் திரும்பியபோது, வங்காளத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் மண்புழு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துச் சொன்னவர் இதே ஸ்காட்தான். அவர் 1880இல் காலமானார். அடுத்த ஆண்டு வந்த புத்தகத்தில் அவர் பார்த்தவை இருக்கின்றன, அவர் பெயரோடு.

அதே தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஜார்ஜ் கிங்கும் இந்தியாவில் கண்டெடுத்த மண்புழு எச்சங்களை அனுப்பிவைத்தார். அவற்றில் ஒன்று நீலகிரி மலையிலிருந்து போனது. புத்தகத்தில் அதற்குப் படமே உண்டு, இயற்கை அளவில், புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கிய படம். சுருள் சுருளாக அடுக்கிய மண். எங்கள் மலையின் புழு தள்ளிய மண், கென்ட் கிராமத்தில் அந்தப் பெரியவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மழை நின்ற காலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நாங்கூழ் எச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்ற ஊரில் மேரி டிரீட் என்றொரு அம்மையார் இருந்தார். பூச்சிகளையும் பூச்சி உண்ணும் செடிகளையும் கவனித்து எழுதுவார். கணவரைப் பிரிந்தபின் அந்த எழுத்துதான் அவருக்குச் சோறு போட்டது. 1871 முதல் இவரும் டார்வினும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். டார்வினுக்குப் பூச்சி உண்ணும் செடிகள் மேல் மோகம் வந்தது 1860 கோடையில். சசெக்ஸ் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில், புதர்க்காட்டு ஈரத்தில் டிரோசிரா என்ற சிறு செடி இலையெல்லாம் பூச்சிகளைப் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து இறைச்சித் துணுக்கு, பால், முட்டை, என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார். நைட்ரஜன் சத்துள்ளதற்கு மட்டும் இலை மடங்கியது. உலகம் உயிரினத் தோற்றத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டில், எல்லா உயிரினங்களின் தோற்றத்தையும்விட இந்தச் செடிமேல்தான் தனக்கு அக்கறை என்று நண்பர் லயலுக்கு எழுதினார்.

நீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியா என்ற செடி இன்னொரு புதிர். அதன் வேர் போன்ற இழைகளில் மிகச் சிறிய பைகள் இருக்கும். அந்தப் பைக்குள் நீர்ப்பூச்சிகள் செத்துக் கிடக்கும். எப்படி உள்ளே போயின? பூச்சி தன் தலையை ஆப்புபோல் நுழைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று டார்வின் கருதினார். மேரி டிரீட் நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்காகக் காத்திருந்து பார்த்தார். பூச்சி பையின் வாயை நெருங்கியதும் சட்டென உள்ளே இழுக்கப்படுவதைக் கண்டார். கதவு தானே இயங்குகிறது. 1875இல் டார்வின் அவருக்கு எழுதினார், ஆப்பு பற்றித் தான் நினைத்தது முழுக்கத் தவறு என்று. அந்தப் பைக்குள் இருக்கும் காற்றழுத்தக் குறைவைப் போன்றதொரு நீரழுத்தக் குறைவுதான் இரையை உறிஞ்சுகிறது, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, என்பது பின்னால் வந்த அறிவு. ஆனால் முதலில் கண்ணால் பார்த்தது அந்த அம்மையார். அவர் சொன்ன பல செய்திகள் பூச்சி உண்ணும் செடிகள் பற்றிய டார்வினின் புத்தகத்தில் அவர் பெயரோடு வருகின்றன.

கொடிகளின் கதையும் ஒரு கடித உறையில்தான் தொடங்கியது. ஹார்வர்டில் இருந்த ஆசா கிரே என்ற தாவரவியல் அறிஞர், பற்றுக்கம்பி தொட்டதும் சுருள்கிறது என்று 1858இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வெள்ளரி இனத்துக் காட்டுக்கொடி ஒன்றின் விதையையும் அனுப்பினார். டார்வின் படுக்கையில் கிடந்த நாட்களில் அந்தக் கொடி அவர் அறைத் தொட்டியில் வளர்ந்தது. நுனி சும்மா இருக்கவில்லை, வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது, எதையாவது பற்றலாமா என்று தேடி. பிறகு ஹாப் கொடியைக் கவனித்தார். வெயில் நாளில் அதன் நுனி ஒரு சுற்று முடிக்கச் சராசரியாக 2 மணி 8 நிமிடம். நோயாளி ஒருவர் கட்டிலில் கிடந்தபடி கடிகாரமும் கையுமாக ஒரு கொடியைக் கவனிக்கிறார். உடம்பு முடியவில்லை என்பதை ஒரு வேலையிடமாக்கிக்கொண்டார்.

பிரேசிலில் பிளூமெனாவ் பக்கம் ஃபிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் குடியேறியிருந்தார். கொடிகள், இரவில் மடங்கும் இலைகள், ஆர்க்கிட், எறும்பு என்று அவர் எழுதிய கடிதங்களை டார்வின் எவ்வளவு மதித்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1880இல் வெள்ளம் வந்து முல்லரின் வீடு பாழானது என்று கேள்விப்பட்டதும், புத்தகமும் கருவிகளும் போயிருந்தால் மறுபடி வாங்க 100 பவுண்ட் அனுப்பட்டுமா என்று அவருடைய தம்பியிடம் விசாரித்தார். இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

குடும்பத்துக்குள்ளும் இப்படி ஒரு கடிதத் தோழி இருந்தாள். வேல்ஸில் எமி ரக் என்ற இளம்பெண். டார்வினின் மகன் ஃபிரான்சிஸை அவள் மணந்தது 1874இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, பழைய உழவு வரப்புகளைப் பற்றி டார்வின் அவளிடம் கேட்டு எழுதிவிட்டார். எப்போதோ உழுது, பிறகு மேய்ச்சலுக்கு விட்ட சரிவான நிலங்களில், அந்தப் பழைய மேடும் பள்ளமும் புழு மண் வழிந்து வழிந்து மட்டமாகிவிட்டனவா என்று அளந்து சொல்ல வேண்டும். எமி வயல் வயலாகப் போய்ப் பார்த்து எழுதினாள். வருங்கால மாமனாரும் மருமகளும் பேசிக்கொண்டது வரப்பைப் பற்றி. 1876 செப்டம்பரில் எமி முதல் குழந்தையைப் பெற்றாள். சில நாளில் இறந்துபோனாள்.

ஃபிரான்சிஸ் கைக்குழந்தையோடு டவுன் வீட்டுக்கே வந்துவிட்டார். பேரன் பெர்னார்டு அந்த வீட்டில் வளர்ந்தான். துக்கத்தில் இருந்த மகனைத் தந்தை தன் பரிசோதனைகளில் சேர்த்துக்கொண்டார். ஆறுதல் மொழி என்ன சொன்னார் என்பதைவிட, தினமும் காலையில் செய்ய ஒரு வேலை வைத்திருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் கூட்டு உழைப்பில்தான் 1880இல் செடிகளின் அசைவு பற்றிய புத்தகம் வந்தது. கேனரிப்புல்லின் முளை வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. நுனியை ஈயத்தாளால் மூடினால் வளைவதில்லை. வளைவது கீழே, உணர்வது மேலே நுனியில். அப்படியானால் ஏதோ ஒன்று மேலிருந்து கீழே போகிறது என்று தந்தையும் மகனும் எழுதினார்கள். ஜெர்மனியின் பெரிய தாவரவியலாளர் சாக்ஸ், வீட்டில் செய்யும் பரிசோதனை என்று இகழ்ந்தார். அந்த ஏதோ ஒன்றை 1920களில் வென்ட் என்பவர் பிரித்துக் காட்டினார். இன்று அதை ஆக்சின் என்கிறோம். பள்ளியில் இதை நடத்தும்போது பிள்ளைகளுக்கு ஈயத்தாள் தொப்பி கதையைச் சொல்வேன். மற்றதெல்லாம் மறந்தாலும் அது மறக்காது அவர்களுக்கு.

அந்தப் புத்தகம் முடிந்ததும் கிழவர் மறுபடி மண்புழுவிடம் வந்தார். மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை வைத்துத் தன் அறையிலேயே வளர்த்தார். இரவில் விளக்கோடு போய்ப் பார்ப்பார். காது கேட்கிறதா என்று அறிய ஊதல் ஊதினார்கள், ஃபிரான்சிஸ் பசூன் என்ற பெரிய மரக்குழலை வாசித்தார், டார்வினின் மனைவி எம்மா அம்மையார் பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் சரேலென்று துளைக்குள் போய்விட்டன. செவி இல்லை, அதிர்வு தெரிகிறது. துளையின் வாயை அடைக்க இலையை எந்தப் பக்கமாக இழுக்கின்றன என்று பார்க்க, காகிதத்தை முக்கோணமாக வெட்டி, நனைந்து போகாதிருக்கக் கொழுப்புத் தடவிப் போட்டார்கள். 303 முக்கோணங்களில் 62 சதவீதத்தைப் புழுக்கள் கூர்முனை பிடித்து இழுத்தன. கண்ணில்லாத உயிர் வடிவத்தை எப்படியோ அறிந்துகொள்கிறது. இதற்குப் புத்தி என்ற பெயரைக் கொடுக்க அவர் தயங்கவில்லை.

அதற்குச் சில ஆண்டு முன்பே, 1877 ஜூனில், 68 வயதில், ரயிலேறி, வண்டி பிடித்து, வெயிலில் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போனார். விழுந்து கிடக்கும் பெருங்கற்கள் மண்ணில் எவ்வளவு புதைந்திருக்கின்றன, அதில் புழுவின் பங்கு எவ்வளவு என்று பார்க்க. அதே ஆண்டு சர்ரேயில் அபிங்கர் என்ற இடத்தில் நண்பர் ஃபாரரின் நிலத்தில் ரோமானியர் காலத்து வீட்டுத் தரை ஒன்று வெளிப்பட்டது. தரையைச் சுத்தம் செய்த மறுநாளே அதில் புதிய புழுத்துளைகள். ஃபாரர் பல வாரம் குறிப்பேடு போட்டு எழுதிக் கொடுத்தார். சில்செஸ்டர் ரோமானிய நகரத்தைத் தோண்டிக்கொண்டிருந்த ஜாய்ஸ் பாதிரியார் தரைகளின் வெட்டுமுகங்களை வரைந்து தந்தார். ஷ்ரூஸ்பரியில் பழைய பள்ளித் தோழர் டாக்டர் ஜான்சன், ராக்ஸெட்டர் இடிபாடுகளில் மேல்மண்ணை அளந்து தந்தார். பள்ளித் தோழர் என்றால் அறுபது ஆண்டு உறவு. அதைப் புதுப்பித்துக்கொடுத்ததும் ஒரு மண்புழுக் கேள்விதான்.

1881 அக்டோபரில் புத்தகம் வந்தது. ஆசிரியருக்கு 72 வயது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் மண்புழுக்களின் உடல் வழியாகப் போய்த் திரும்புகிறது என்று அதில் கணக்குக் காட்டினார். விற்பனையைப் பார்த்து அவருக்கே வியப்பு. சில வாரத்தில் ஆயிரக்கணக்கில் போயிற்று. கூடவே கடிதங்கள். தோட்டக்காரர், பாதிரியார், வீட்டுப்பெண்கள், யார் யாரோ தங்கள் தோட்டத்துப் புழுவைப் பற்றி எழுதினார்கள். நாற்பது ஆண்டு ஊராரிடம் கேட்டவரிடம் இப்போது ஊரார் வந்து சொன்னார்கள். எழுத எழுதக் களைத்துப் போனாலும், பதில் எழுதாத கடிதம் இருந்தால் இரவில் அவருக்குத் தூக்கம் வராதாம். தொல்லை கொடுப்பவர்களுக்கு அனுப்ப என்று ஓர் அச்சிட்ட படிவம் தயாரித்து வைத்திருந்தார். அதை அவர் பயன்படுத்தியதே அபூர்வம் என்று ஃபிரான்சிஸ் எழுதியிருக்கிறார்.

என் வயதுக்காரர்கள் கூடும் இடங்களில் நான் கவனிப்பது ஒன்று. எங்களிடம் பதில்கள் நிறைய இருக்கின்றன. கேள்வி ஒருவரிடமும் இல்லை. பேரன் ஊருக்கு வந்தால் எவ்வளவு மார்க் என்பதை விசாரிப்போம். அவன் கண்ணால் பார்த்து வந்து சொல்லவேண்டிய ஒன்றை அவனிடம் கேட்கமாட்டோம். வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பும் கைக்கு, உன் வீட்டு முருங்கை எந்த மாதம் பூத்தது என்று ஒரு வரி எழுதவும் முடியும். பதிலுக்காக நாம் நிஜமாகவே காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள். மரியாதை குறைந்துவிட்டது என்று வருந்தும் பெரியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் வருத்தம் பொய்யில்லை. இளையவர்களிடம் தெரியாததைக் கேட்பதால் மரியாதை குறைந்த பெரியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

1882 பிப்ரவரியில், நார்தாம்ப்டனிலிருந்து டார்வினுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிரிக் என்ற இளைஞர், காலணித் தொழில் செய்பவர். குளத்தில் பிடித்த நீர்வண்டு ஒன்றின் காலைச் சின்னஞ்சிறு நன்னீர்ச் சிப்பி கவ்விக்கொண்டிருந்ததாம். ஒரு குளத்துச் சிப்பி பறக்கத் தெரியாமலே இன்னொரு குளத்துக்கு எப்படிப் போகும் என்பது டார்வினின் பழைய கேள்வி. அவருக்கு அப்போது நெஞ்சு வலி வரத் தொடங்கியிருந்தது. நடை குறைந்திருந்தது. உடனே பதில் எழுதினார். சிப்பியின் நீள அகலம் எவ்வளவு? வண்டின் எந்தக் காலைப் பிடித்திருக்கிறது, எவ்வளவு தூரம் பிடித்திருக்கிறது?

கிரிக் அளந்து எழுதினார். வண்டையும் சிப்பியையும் அனுப்பியே வைத்தார். வந்து சேர்ந்தபோது வண்டு அரை உயிரோடு துடித்தது. வேதனைப்படாமல் சீக்கிரம் போகட்டும் என்று, நறுக்கிய லாரல் இலை போட்ட புட்டியில் அதை விட்டார் டார்வின். செய்தியைக் கிரிக்கின் பெயரோடு 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார். ஏப்ரல் 6ஆம் தேதி இதழில் அது அச்சானது. ஏப்ரல் 19ஆம் தேதி டார்வின் காலமானார்.